கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்

கொங்குநாட்டிற் பிறந்து, தமிழ் வழங்கும் இடமெங்கும் தம் குரலால் அறியப்பட்டவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். அவரது இசைச் சிறப்பை யாவரும் அறிவர். அதனினும் அரியதாகிய அவரது மனவுறுதியையே நாம் இங்குச் சிந்திக்கப் புகுந்தோம்.

அம்மையார் 1908-ஆம் ஆண்டில், அந்நாளிற் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொடுமுடியில், காவிரிக் கரையிற் பிறந்தனர். தந்தையை இழந்த குடும்பத்தைத் தாயார் பாலாம்பாள் வறுமையிடையே காத்து வந்தார். இளஞ்சிறுமி புகைவண்டியிற் பாடிப் பொருளீட்டும் நிலையும் நேர்ந்தது. பின்னர் நாடகமேடை அவரை ஏற்றுக்கொண்டது. புகழ் கடல் கடந்து இலங்கையினும் பரவிற்று.

ஆங்குத்தான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. இருவர் குரலும் ஒன்றையொன்று வென்று வளர்ந்தன. 1927-இல் இருவரும் மணந்துகொண்டனர். ஆயின் கிட்டப்பா முன்னரே மணமானவர், குலமும் வேறு. அவர் குடும்பத்தார்க்கு இவ்வுறவு உவப்பாக இல்லை. பிணக்கும் பிரிவும் தொடர்ந்தன. அம்மையார் கணவருக்கு வரைந்த கடிதங்கள், அன்பும் தன்மதிப்பும் ஒருங்கே போராடிய ஓர் உள்ளத்தை நமக்குக் காட்டுகின்றன.

1933-இல் கிட்டப்பா தமது இருபத்தேழாம் வயதிற் காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளாடை உடுத்தார்; ஆடவர் எவர்க்கும் ஜோடியாக நடிப்பதில்லையென விரதம் பூண்டார். இதனைப் பழைய வழக்கத்திற்குப் பணிந்ததென்பாரும் உளர். மனைவியென்னும் நிலையை முழுதும் வழங்காத உலகம், கைம்மை நோன்பை அவரிடம் எங்ஙனம் கேட்க இயலும்? அது அவர் தாமே தமக்கு வகுத்துக்கொண்ட நெறியென்பதே நம் கருத்து. மேலும் அவர் வீட்டினுள் அடைந்து கிடந்தாரல்லர். சத்தியமூர்த்தி முதலியோர் ஊக்க, தேசியப் பிரசாரத்திற் பாடினார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனா'ரில் ஆண்வேடமே தாங்கினார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றாரென்பது அக்காலத்திற் பெருவியப்பாயிற்று.

1953-இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட 'ஔவையார்' படம் அவர் புகழுக்கு முடியாயிற்று. வளர்த்தோர் மணம் பேச, அதனை விரும்பாத கன்னி விநாயகரை வேண்டித் தன் இளமையைத் துறந்து மூதாட்டியாகிறாள். பின் ஊர் ஊராய்ச் சென்று மன்னர்க்கும் அறமுரைக்கிறாள். இக்கதையைக் கண்டோர் பலர், நடித்தவர் வாழ்வையும் அதனுட் கண்டனர். கதையின் கன்னிக்கோ தெய்வம் முதுமையை அருளிற்று. அம்மையாரோ இளமை இருக்கவே அதன் இன்பங்களைத் தாமே நீத்தார். தன்வழி நடப்பதற்கு இருவரும் விலை கொடுத்தனர்.

சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார், 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980-இல் மறைந்தார். குடும்பத்தின் நெருக்கமும் ஊராரின் பேச்சும் இன்றும் ஒழிந்தபாடில்லை. அவற்றிடையே தம் வழியைத் தாமே தெரிந்து, அதனின்று இறுதிவரை வழுவாத கொடுமுடி அம்மையாரின் வாழ்வு, நம் மாணவ மாணவியர் உள்ளத்தில் நிலைத்தற்குரியது.