முன்சீப் வேதநாயகர்

ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் சாலமோன் அரசரிடம் வழக்காட வந்த கதையை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சாட்சி கிடையாது, இருவர் சொல்லும் ஒன்று போலவே இருந்தது. அரசர் வாளைக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான், பிள்ளை பிழைத்தால் போதும் என்று விட்டுக்கொடுத்த தாயின் உள்ளமும் மற்றவளின் பொறாமையும் வெளிப்பட்டன. சிங்கப்பெருமாள் கோவிலில் வாழும் நமக்கும் வழக்குகள் புதியவை அல்ல. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் பெருகி நிலம் விலையேறிய பின், பாகப்பிரிவினைக்காகச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு நடக்கும் குடும்பங்கள் உண்டு. வாளைக் காட்டி அங்கே உண்மையைக் கண்டுபிடிக்க முடியுமா?

வாளில்லாமல் அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826 அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார்.

மொழிபெயர்ப்பாளராக இருந்த காலமே அவர் கண்ணைத் திறந்தது என்று நாம் எண்ணுகிறோம். கட்சிக்காரர் தமிழர், சாட்சி தமிழர். ஆனால் மேல்நீதிமன்றத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில். தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்றே அறியாதவனின் மனத்தை யார் அறிவது? புரியாத மொழி பொய்யனுக்கு நல்ல மறைவிடம் அல்லவா! ஆகவே 1862-இல் சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டார். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களைத் தம் நாவலில் ஒரு பிடி பிடித்திருக்கிறார்.

பிறரை ஆராய்ந்தவர் தம் பதவியையும் ஆராயாமல் விடவில்லை. 1859-இல் வெளிவந்த நீதிநூலில் கைக்கூலியைக் கண்டிக்கத் தனி அதிகாரமே வைத்தார்.

1879-இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதில் வேடிக்கையான ஒரு வழக்கு வருகிறது. செருப்பைத் தைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுத்துவதாகக் கதாநாயகன் வாக்களிக்கிறான். தைத்தவனோ எவ்வளவு கொடுத்தாலும் தனக்குச் சந்தோஷமில்லை என்கிறான்! சொல்லைப் பிடித்துக்கொண்டு நோக்கத்தைத் திரிக்கும் வித்தையை முன்சீப் நிறையப் பார்த்திருப்பார் போலும். பிரதாபன் சிறையிலிருந்து மீண்ட விதத்தை, தோழியரே, நாவலிலேயே படித்துக்கொள்ளுங்கள். அந்நாட்டில் ஆண் வேடத்தில் அரசு புரிந்தவள் ஒரு பெண், அவன் மனைவி ஞானாம்பாள், என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். பெண்ணின் அறிவை அவர் பொழுதுபோக்குக்காகப் புகழவில்லை. பெண்கள் படித்தால் கெட்டுவிடுவார்கள் என்று சொன்னவர்களை மறுத்துக் கட்டுரை எழுதியவர். 'பெண்மதி மாலை' பாடியவர்.

மேலதிகாரியோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் பதவியை விட்டு விலகினார். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, சொந்தப் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்தார். அப்போது அவர் கையில் முன்சீப் பதவியும் இல்லை, அவரிடம் தீர்ப்பை எதிர்பார்த்து வருவோரும் இல்லை. சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனையே பாடினார்.

1889 ஜூலை 21-ஆம் நாள் வேதநாயகர் இறைவனடி சேர்ந்தார்.