தேவகோட்டை தந்த தமிழ்வாணன்

காரைக்குடியை அடுத்த தேவகோட்டையில், 1926ஆம் ஆண்டு நகரத்தார் குடும்பமொன்றில் பிறந்தவர் இராமநாதன். தமிழ்வாணன் என்னும் புனைபெயரே அவருக்கு நிலைத்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வரைந்தாலே அவர் இன்னாரென வாசகர் அறிவர். எஸ்.ஏ.பி. அண்ணாமலையின் 'கல்கண்டு' இதழுக்கு ஆசிரியராகி, 1977இல் மறையும்வரை துணுக்கு, கேள்வி பதில், தொடர்கதை எனத் தாமே எழுதிக் குவித்தார்.

திறனாய்வாளர் பலர் அவரை 'மர்மக்கதைக்காரர்' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கினர். தேநீர் அருந்தியதும் சங்கர்லாலுக்குத் துப்புத் துலங்கிவிடுவது நம்பத்தக்கதன்று. பாத்திரங்களுக்கு வளர்ச்சியும் இல்லை. இவை மெய்யே. ஆயினும் அவர்கள் நடையை நோக்கவில்லை. அவருக்கு முன் துப்பறியும் கதை எழுதிய ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரிடம் வடசொல் விரவிய நீண்ட வாக்கியங்கள் மிகுதி. தமிழ்வாணனோ சிறு சிறு வாக்கியங்களில், பிறமொழி கலவாத தமிழில் கொலையையும் கடத்தலையும் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனும் கடைச் சிப்பந்தியும் பிறர் துணையின்றிப் படித்து முடித்தனர். பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர்களையே விரும்பிச் சூட்டியவர், தம் துப்பறிவாளருக்கு மட்டும் வடநாட்டுப் பெயரிட்டது வியப்பே!

பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியோர் நிறைந்த மண்ணில் பிறந்தவருக்கு, சங்கர்லாலைக் கடல் கடந்து அனுப்புவது இயல்பாகவே வந்தது போலும். இலக்கிய வரலாறுகள் ஒரு வரி தரவும் தயங்கியபோது, அவர் நிறுவிய மணிமேகலைப் பிரசுரம் அக்கதைகளை மீண்டும் மீண்டும் அச்சிட்டது.