வைத்தியப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர்

கற்றவர் பலர்; தாம் கற்றதைப் பிறர்முன் வைத்துத் திருத்திக்கொள்வார் சிலரே. பிற தொழில்களில் ஒருவர் அறியாமையால் பொருள் கெடும். வைத்தியத் தொழிலிலோ உயிர் கெடும். இதனை நன்குணர்ந்து ஒழுகிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வில்லியம் ஆஸ்லர் 1849-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள், கனடா தேசத்துப் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் புதல்வராய்ப் பிறந்தார். தந்தையின் வழியே திருப்பணி புரியக் கருதிக் கல்லூரி புகுந்தவர், விரைவில் மனம் மாறி வைத்தியம் பயிலலானார். 1872-ல் மாண்ட்ரியால் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, ஐரோப்பாவிற் சிறிது காலம் பயின்று, 1874-ல் அச்சர்வகலாசாலைக்கே ஆசிரியராய் மீண்டார்.

அக்காலத்தில் அயல்நாட்டு வைத்தியச் சஞ்சிகைகளைத் தனியொருவர் விலைகொடுத்து வாங்குதல் அரிதாயிருந்தது. ஆஸ்லர் 1875-ல் தோழர் சிலரைக் கூட்டி ஒரு வாசகர் குழு அமைத்தார். பலரும் பொருள் பகிர்ந்து வாங்கிய சஞ்சிகைகள் பலர் கைக்கும் சென்றன. இறந்தோர் உடல்கள் நூற்றுக்கணக்கானவற்றையும் அவர் சோதித்தார். உயிரோடிருந்தபோது வைத்தியர் கொண்ட முடிபு சரியோ பிழையோ என்பது ஆங்கு வெளிப்பட்டது. பிழையை மறைத்தல் அடுத்த நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்பதே அவர் கொள்கை.

1884-ல் பிலடெல்பியா சென்ற அவர், 1889-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையின் தலைமை வைத்தியரானார். ஆங்கு 1893-ல் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டபின், மாணாக்கரை விரிவுரை மண்டபத்தினின்று நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்றார். ஒவ்வொரு மாணாக்கரும் தமக்குரிய நோயாளியை நாடோறும் கண்டு, குறிப்பெழுதி, ஆசிரியர்முன் எடுத்துரைக்கவேண்டும். சனிக்கிழமை இரவுகளில் அவர்கள் அவரது இல்லத்திற் கூடி உரையாடினர். அண்டை வீட்டில் வாழ்ந்த இளம் வைத்தியர் சிலருக்குத் தம் வீட்டுத் திறவுகோலையே கொடுத்திருந்தார். அவருள் ஹார்வி குஷிங் ஒருவர்.

1892-ல் அவர் வெளியிட்ட வைத்திய நூல், பல நோய்களுக்கு உண்மையான மருந்து அன்று இல்லை என்பதை ஒளியாது கூறிற்று. 1897-ல் அதனைப் படித்த கேட்ஸ் என்பார், தம் தலைவராகிய ராக்பெல்லர் என்னும் செல்வரைத் தூண்ட, 1901-ல் நியூயார்க்கில் பெரியதோர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. குறையை மறையாது உரைத்ததன் பயன் இது.

1905-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியரான அவர், 1907-ல் பிரிட்டன், அயர்லாந்து நாட்டு வைத்தியர்களுக்கு ஒரு சங்கம் காண முன்னின்றார். 1917-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய ஒரே மைந்தன் ரெவியர் பெல்ஜியப் போர்க்களத்திற் காயமுற்றான். முன்னாளில் திறவுகோல் பெற்ற குஷிங்கும் வேறு வைத்தியரும் அருகிருந்து முயன்றும் காக்க இயலவில்லை. அத்துயர் நீங்காமலே ஆஸ்லர் 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் உயிர் நீத்தார்.

கூடிக் கற்பவர்க்கும் எல்லா உயிரும் காத்தல் கூடுவதன்று. ஆயினும் தனித்துக் கற்பவர் இழக்கும் உயிர்கள் மிகப் பல. மாணாக்கராகிய நாமும் நம் ஏட்டை நண்பர்முன் திறந்து வைக்க நாணாதிருப்போமாக.