ஆசியாவை விளையாட்டால் இணைத்த அதிபர்

பஞ்சாபில் 1890இல் பிறந்த குரு தத்த சோந்தி, இலாகூர் அரசினர் கல்லூரியின் அதிபராய் விளங்கியவர். சர்வதேச ஒலிம்பிக் சபையில் 1932இல் உறுப்பினரான இவர், 1934இல் தில்லியில் மேற்காசிய விளையாட்டு விழாவைக் கூட்டினார். அதிற் கலந்துகொண்ட நான்கு நாடுகளுள் நம் இலங்கையும் ஒன்று. பாரதம் விடுதலை பெற்றபின், ஆசியா முழுவதையும் ஒரே மைதானத்திற் சேர்க்க முனைந்தார். அதன் பயனாக 1951இல் தில்லியில் 11 நாடுகள் கூடி முதலாவது ஆசிய விளையாட்டு விழாவைக் கண்டன. அவர் வகுத்த அவ்விழாவிலேயே, 1958இல் டோக்கியோவில், யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் வென்றார்.

இசுரேலையும் தைவானையும் விலக்கி 1962இல் ஜகார்த்தாவில் நடந்த விழா ஆசிய விழாவாகாதெனச் சோந்தி துணிந்து வாதிட்டார். கிளர்ச்சி மூண்டது, இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. நகரை விட்டகன்ற அவர், தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். 1966இல் மறைந்தார். தாம் வளர்த்த விழாவினும் விதியே பெரிதெனக் கொண்ட இப்பெரியாரை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக.