அப்பரும் பிள்ளையாரும்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார், சமண சமயம் புகுந்து தருமசேனர் எனத் தலைமை பெற்று, பின்னர்ச் சூலை நோயால் வருந்தினார். தமக்கையார் திலகவதியாரின் துணையால் திருவதிகையில் சிவனருள் பெற்றுத் திருநாவுக்கரசர் ஆனார். இது 7ஆம் நூற்றாண்டின் வரலாறு. பல்லவ மன்னன் இழைத்த துன்பங்களுக்கெல்லாம் கலங்காத அப்பெரியாரை, ஓர் இளம்பிள்ளையின் நட்புப் பலகால் சங்கடத்தில் ஆழ்த்தியது என்பது சிந்திக்கத்தக்கது.

சீகாழியில் ஞானசம்பந்தரை முதன்முதல் கண்டபோது, முதியவர் அக்குழந்தையின் திருவடியில் வீழ்ந்தார். பிள்ளையாரோ அவர் கரங்களைப் பற்றி எடுத்து, தாமும் வணங்கி, அப்பரே என்று அழைத்தார். தந்தையென அழைத்தவரை அடிபணிவதா, அடிபணிந்தவரைத் தந்தையென ஏற்பதா? இவ்வினா இருவரையும் இறுதிவரை விடவில்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது இறைவன் இருவர்க்கும் படிக்காசு அளித்தான். உழவாரப் பணி செய்த அப்பரின் காசு குற்றமற்றதாயிருக்க, பிள்ளையாரின் காசுக்கு வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. திருமறைக்காட்டில் இந்நிலை மாறிற்று. அடைபட்ட கதவைத் திறக்க அப்பர் பதிகம் முழுவதும் பாட நேர்ந்தது. மீண்டும் அடைக்கப் பிள்ளையாரின் முதற் பாட்டே போதியதாயிற்று. அன்றிரவு அப்பர் உள்ளம் கவன்றார். எனினும் அக்கவலை பொறாமையாக முளைக்கவில்லை.

பின்னர்ப் பாண்டி நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. கோள்நிலை நன்றன்று என அப்பர் அன்பினால் தடுத்தார். பிள்ளையார் அதனை ஏற்கவில்லை; கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டார். முதியவர் வெகுளவில்லை, இளையவர் இகழவுமில்லை. மதுரையில் வென்று மீண்ட பிள்ளையார் திருப்பூந்துருத்தியை நெருங்கியபோது, அப்பர் கூட்டத்தினுள் ஒருவராய்ப் புகுந்து முத்துச் சிவிகையைத் தோளில் தாங்கினார். அப்பர் எங்குற்றார் எனப் பிள்ளையார் வினவ, சிவிகையின் கீழிருந்தே விடை வந்தது. அவர் பதைத்து இறங்கி வணங்குமுன், அப்பர் வணங்கிவிட்டார்.

கொங்கு நாட்டிற்கும் எழுந்தருளி, திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களின் குளிர்சுரம் நீங்கப் பாடியவர் பிள்ளையார். அவரை முருகவேளாகவே கண்டு போற்றினார் அருணகிரிநாதர். ஆதலின், கிணத்துக்கடவுப் பொன்மலையில் வேலாயுதசுவாமியைத் தொழுவோர்க்கு இவ்வரலாறு அயலன்று. முதல் மரியாதை யாருக்கு என்னும் வினா கோயில்தோறும் எழுவதுண்டு. அப்பொழுதெல்லாம் சிவிகை தாங்கிய அம்முதிய தோளை நினைத்தல் நலம். கல்லில் பெயர் பொறிக்கப்பெற்ற உபயதாரரும், பெயரின்றி மலைமேல் மண் சுமந்தவரும் வேலவன் திருமுன் ஒரே வரிசையினரே. அப்பணிவை அவனருள் நமக்கும் தருவதாக.