தந்தி தந்த மருத்துவர்

முற்காலத்தில் முத்துக்குளித்தல் நிகழ்ந்த நம் தென்கடற்கரையில் மணப்பாடு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றின்மேல் நிற்போர் கடலில் வரும் கப்பலைத் தொலைவிலேயே காண்பர். ஆயினும், கப்பல் வந்த செய்தி சென்னையை அடைய முற்காலத்தில் பல நாள்கள் ஆயின. அஞ்சல் சுமப்போர் காடும் ஆறும் கடந்து செல்லவேண்டியிருந்தது. கண்ட செய்தியை அக்கணமே தொலைவில் உள்ளோர்க்கு உணர்த்தும் தந்தியை இந்தியாவில் நிறுவியவர் வில்லியம் புரூக் ஓஷானசி ஆவார்.

இவர் 1809ஆம் ஆண்டு அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்தார்; எடின்பரோவில் மருத்துவம் கற்று 1829இல் பட்டம் பெற்றார். 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இந்தியாவுக்கு வந்தார். பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். வேதிப்பொருள்களால் மின்சாரம் தரும் மின்கலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. மின்சாரத்தைத் தூதாக அனுப்ப அவர் விழைந்தார்.

மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வழி இடையறாது இருந்தால்தான் மின்னோட்டம் நிகழும். அம்முழு வழியே மின்சுற்று. வழியிலுள்ள பொருள் ஓட்டத்துக்குச் செய்யும் தடுப்பு மின்தடை எனப்படும். தடை மிகுந்தால் ஓட்டம் குறையும் என்னும் விதியை ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்டிருந்தார். கம்பி நீண்டால் தடை கூடும். பருத்தால் தடை குறையும்.

1839இல் ஓஷானசி கல்கத்தாவுக்கு அருகே மூங்கில்களில் கம்பி கட்டி, 21 மைல் நீளமுள்ள சுற்றினை அமைத்தார். அதில் 7,000 அடி தொலைவுக்குக் கம்பியே இல்லை. ஹூக்ளி ஆற்றுநீரே மின்சாரத்தைக் கடத்தியது. நீர் இரும்பைப்போல் நன்கு கடத்துவதன்று. ஆயினும் ஆறு அகன்றும் ஆழ்ந்தும் இருந்தமையால் தடை சிறிதாயிற்று. செய்தி பெறுவோர் மின்னதிர்ச்சியை விரலால் உணர்ந்து குறிப்பறிந்தனர். இவ்வரிய செயலை ஆள்வோர் பொருட்படுத்தவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக அது உறங்கிக் கிடந்தது. எனினும் ஓஷானசி மனம் தளரவில்லை.

டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது காலம் கனிந்தது. 1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்டு துறைமுகம் வரை தந்தி அமைந்தது. மேனாட்டார் மெல்லிய கம்பியைப் பயன்படுத்தினர். இந்நாட்டிலோ குரங்குகள் கம்பியில் தொங்கும். பறவைகள் கூட்டமாய் அமரும். புயலும் மழையும் கடுமையாய்த் தாக்கும். இவற்றை எண்ணிய ஓஷானசி, எட்டில் மூன்று அங்குலப் பருமனுள்ள இரும்புக் கோல்களை இணைத்தார். அவை எளிதில் அறுந்து சுற்றைத் துண்டிக்கவில்லை. பருமையால் அவற்றின் தடையும் குறைந்தது. ஒரே மாற்றத்தால் இரு நன்மைகள் விளைந்தன!

அதன் வெற்றியைக் கண்ட கம்பெனியார் நாடெங்கும் தந்தி அமைக்க இசைந்தனர். 1853 நவம்பரில் பணி தொடங்கியது. 1854 மார்ச்சில் ஏறத்தாழ 800 மைல் தொலைவிலுள்ள ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி பறந்தது. 1856க்குள் பம்பாயும் சென்னையும் இணைந்தன. தந்தி வழி ஏறத்தாழ 4,000 மைல் நீண்டது. அவ்வாண்டே அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. அவர் 1889இல் மறைந்தார்.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. ஆயினும், மின்சுற்றும் மின்தடையும் பற்றி ஓஷானசி அன்று போற்றிய விதிகளே இன்று நம் வீட்டு விளக்கையும் ஒளிரச் செய்கின்றன. பிறர் வழியை அப்படியே பின்பற்றாது, அறிவியலின் விதியைத் தெளிந்து, நாட்டின் இயல்புக்கேற்பப் பொருத்தியதே அவரது பெருமை.