ஆட்கொல்லிகளைத் தேடிப் போன கென்னத் ஆண்டர்சன்



நமது சுவர் இதழில் இதுவரை காந்தித் தாத்தா, அப்துல் கலாம், கல்பனா சாவ்லா, அன்னை தெரசா என்று நல்லவர்களைப் பற்றியே வந்துகொண்டிருக்கிறது. இந்த முறை நான் ஒரு வேட்டைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். வேட்டைக்காரரை எதுக்கு சுவரில் ஒட்டணும் என்று எங்கள் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. முழுசாகப் படித்துவிட்டு நீங்கள் எந்தக் கட்சி என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

புலி வேட்டை என்றால் எல்லாரும் ஜிம் கார்பெட் பேரைத்தான் சொல்வார்கள். அவர் இருந்தது வடக்கே, இமயமலை அடிவாரத்தில். நம்ம தமிழ்நாட்டுக் காட்டுக்குள்ளேயே ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த ஒருத்தர் இருந்தார். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஏலகிரி மலை இதெல்லாம் அவர் நடந்த இடங்கள். அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

1910ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, செகந்திராபாத் பக்கத்தில் இருக்கும் பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து நாட்டு வம்சம். ஆனால் அவர் குடும்பம் பல தலைமுறையாக இந்தியாவிலேயே இருந்தது. அப்பாவுக்கு ராணுவத்தாருக்குச் சம்பளம் கணக்குப் போட்டுத் தரும் அலுவலகத்தில் அதிகாரி வேலை. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் படித்தார். சட்டம் படிக்கட்டும் என்று வீட்டில் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அவருக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். பிறகு தபால் தந்தித் துறையில் 15 வருடம் வேலை. அதற்கப்புறம் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் மேலாளர். இன்றைக்கு எச்.ஏ.எல். என்கிறோமே, அதுதான்.

அதாவது வேட்டை அவருக்குப் பிழைப்பு இல்லை. காலையில் ஆபீஸ் போகிற ஆள். லீவு கிடைத்தால் ஸ்டுடிபேக்கர் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். தமிழும் கன்னடமும் பேசுவார். அதனால் கிராமத்து ஜனங்களிடம் நேராகவே விசாரிப்பார். எந்தப் பக்கம் காலடி கிடந்தது, எந்த மாடு செத்தது, கடைசியாக யார் போனார்கள் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் துப்பாக்கியை எடுப்பார்.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். அது அமெரிக்காவில் செய்த வின்செஸ்டர், 1895 மாடல். வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். ஆண்டர்சன் வைத்திருந்தது .405 என்ற அளவு. அதன் குண்டு 19 கிராமுக்கு மேல் எடை. நம்ம ஐந்து ரூபாய்க் காசு இரண்டைவிட அதிகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனதும் இதே வகைதான்.

படத்தில் விசைக்குக் கீழே ஒரு வளையம் தெரிகிறதா? அதுதான் நெம்புகோல். சுட்டு முடித்ததும் வளையத்தில் விரலைவிட்டுக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே தெறித்து விழும். மேலே இழுத்தால் அடியில் உள்ள பெட்டியிலிருந்து அடுத்த தோட்டா ஏறி உள்ளே உட்காரும். பெட்டியில் நாலு தோட்டா நிற்கும். அந்தக் காலத்து ராஜாக்களும் பெரிய துரைமார்களும் இரட்டைக் குழல் துப்பாக்கிதான் வைத்திருப்பார்கள். அதில் இரண்டு வெடி போட்டதும் கையை விட்டு மறுபடி நிரப்பணும். புலி அதுவரை நின்றுகொண்டா இருக்கும்?

இன்னொரு விஷயம், இந்தத் துப்பாக்கியில் தூரத்தைப் பக்கத்தில் காட்டும் கண்ணாடி கிடையாது. வெறும் இரும்புக் குறிதான். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு, குழல் முனையில் ஒரு சின்ன மணி. வெட்டுக்குள் மணி உட்காரணும், மணிக்கு மேல் புலி உட்காரணும். நம்ம ஊர்ப் பீங்கான் பட்டறையில் செய்யும் பியூஸ் கேரியர், அடிக்கட்டையில் இருக்கிற பள்ளத்தில் டக்கென்று பொருந்துமே, அந்த மாதிரி மூன்றும் பொருந்தணும். ஆனால் நம் கண் ஒரே நேரத்தில் கிட்டத்தில் உள்ளதையும் தூரத்தில் உள்ளதையும் தெளிவாகப் பார்க்காது (அறிவியல் பாடத்தில் விழிலென்ஸ் படித்தோமே). அதனால் வெகு கிட்டத்தில் போய்த்தான் சுடணும். ராத்திரியில் குறியும் தெரியாது, புலியும் தெரியாது. அதற்காகக் குழலோடு ஒரு டார்ச் லைட்டைச் சேர்த்துப் பொருத்திக்கொள்வார். வெளிச்சம் போட்டதும் சுடணும். குறி தவறினால் இருட்டில் காயம்பட்ட புலி, கீழே இவர். சில நேரம் பரண்கூட இல்லாமல் தரையிலேயே உட்கார்ந்திருப்பார்.

புலி வருவதற்காக எருமைக் கன்றையோ மாட்டையோ கட்டி வைப்பது அப்போது வழக்கம். புலிக்குப் பரிதாபப்படுகிறவர்கள்கூட அந்தக் கன்றைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஜவளகிரிப் பெண்புலியின் கதையை அவசியம் சொல்லணும். அது முதலில் யாரையும் தொடவில்லை. அதனுடைய ஜோடிப் புலியை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பெண்புலி அதைத் தேடிக் காட்டில் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்னொருத்தர் போய் அதையும் சுட்டார். சாகவில்லை, காயம்தான். காயம்பட்ட புலியால் மானைத் துரத்த முடியுமா? மனிதனைப் பிடிப்பது சுலபம். அப்படித்தான் அது ஆட்கொல்லி ஆனது. விறகுக்கும் மாடு மேய்க்கவும் போனவர்கள் திரும்பவில்லை. கடைசியில் ஆண்டர்சன் சூளகுண்டா கோயில் பக்கம் உட்கார்ந்து, ஆண்புலி கத்துகிற மாதிரியே தன் வாயால் கத்தினார். பெண்புலி பதில் கொடுத்தது. கிட்ட வந்தது. சுட்டார்.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. செத்துப்போன ஜோடி வந்துவிட்டது என்று நம்பித்தானே அது வந்தது? ஆனால் சுடாமல் விட்டிருந்தால் அடுத்து யார் வீட்டு அம்மா விறகுக்குப் போயிருப்பார்களோ. அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போன அந்த ஆள் மேல்தான் எனக்குக் கோபம். ஆண்டர்சனும் திரும்பத் திரும்ப எழுதியது இதைத்தான். முக்கால்வாசி ஆட்கொல்லிகளை உண்டாக்குவது மனிதன் கொடுத்த காயம் என்பது அவர் கருத்து. வயசாகிப் பல் போவது, முள்ளம்பன்றி முள் குத்திப் புண்ணாவது போன்ற காரணங்களும் உண்டு.

1939 முதல் 1966 வரை அவர் சுட்டதாக அரசுப் பதிவில் உள்ள ஆட்கொல்லிகள்: சிறுத்தை 8, புலி 7. சிறுத்தைகளில் ஒன்றுதான் பெண். புலிகளில் இரண்டு பெண்.

அந்தச் சிறுத்தைகளில் தளி பக்கம் கும்ளாபுரத்துச் சிறுத்தைதான் மகா பொல்லாதது. ஆண்டர்சன் எழுதிய கணக்குப்படி 42 பேரைக் கொன்றது. கதவைச் சாத்தினாலும் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும். பொழுது சாய்ந்தால் தெருவில் ஒரு ஈ காக்கா இருக்காது. அந்த ஊரில் அவர் ராத்திரி காவல் இருந்தபோது, யாரும் வேண்டாம் என்று விட்ட ஒரு தெருநாய் வந்து அவரோடு ஒட்டிக்கொண்டது. சிறுத்தை பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்ததை அவருக்குக் காட்டிக் கொடுத்தது அந்த நாய்தான். இல்லை என்றால் 43ஆவது ஆள் அவர்தான். சிறுத்தையைச் சுட்ட பிறகு நாயைக் கூடவே பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய், நிப்பர் என்று பேர் வைத்து வளர்த்தார்.

கரடி வேட்டை ஒன்றும் உண்டு. மைசூர்ப் பக்கம் அரசிகெரே அருகே ஒரு தர்காவைப் பார்த்துக்கொண்டு ஆலம் பக்ஸ் என்ற பெரியவர் இருந்தார். ஆண்டர்சனுக்கு நல்ல பழக்கம். அந்தப் பெரியவரின் மகனைக் கரடி கொன்றுவிட்டது. அவர் ஆண்டர்சனுக்குத்தான் தந்தி கொடுத்தார். கரடி உடனே சிக்கவில்லை. நாள் போகப் போக மேலும் பலரின் முகத்தைக் கிழித்தது, சிலர் இறந்தார்கள். கடைசியில்தான் சுட முடிந்தது. புலியைவிடக் கரடிக்குப் பயப்படணும் என்று காட்டு ஓரத்து ஜனங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அது கையால் முகத்திலேயே அடிக்கும்.

இப்போது நான் முக்கியமாக எழுத நினைத்ததற்கு வருகிறேன். ஆண்டர்சன் தனியாக இத்தனையும் செய்யவில்லை. பென்னாகரத்தில் ரங்கா என்று ஒருவர், மாட்டு வண்டி ஓட்டியவர். முத்தூர்ப் பக்கம் சின்னாற்றங்கரையில் பைரா என்று ஒருவர், பூசாரி என்று சொல்லப்படும் காட்டு ஜனங்களைச் சேர்ந்தவர். பைராவுக்கு வீடே கிடையாது. ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டி, அதில்தான் பெண்டாட்டி பிள்ளைகளோடு படுத்துக்கொள்வார். உடம்பில் ஒரு கோவணம். கையில் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி, அதுவும் திருட்டுத்தனமாக வைத்திருந்தது.

ஒடிந்த புல்லைப் பார்த்தே புலி எந்நேரம் போனது என்று சொல்லிவிடுவார். லங்கூர் கத்தினால் புலி எந்தப் பக்கம் என்று தெரியும். இரும்புக் குறித் துப்பாக்கியோடு புலிக்கு அவ்வளவு கிட்டே ஆண்டர்சன் போக முடிந்தது என்றால், கூட்டிக்கொண்டு போனது பைரா மாதிரி ஆட்கள்தானே! இதை ஆண்டர்சன் மறைக்கவில்லை. பைராவைப் பற்றித் தனியாகவே ஒரு அத்தியாயம் எழுதி, தன் நண்பர் என்று சொல்லியிருக்கிறார். இதில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு காடு அரசாங்கத்துடையது ஆகிவிட்டது. ஆண்டர்சன் கையில் லைசென்ஸ் இருந்தது. அதனால் அவர் சுட்டால் வேட்டை. பைராவிடம் லைசென்ஸ் இல்லை. பிள்ளைக்குச் சோறு இல்லாமல் அவர் ஒரு மானைச் சுட்டால் திருட்டு, வழக்கு, ஜெயில். காடு பிறந்ததிலிருந்து அவருடையது. வகுப்பில் நான் இதைச் சொன்னபோதுதான் இரண்டு கட்சியும் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருந்தது.

ஆண்டர்சன் கதைகளில் கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. தன் கதையைத் தானே எழுதினால் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. புலி தப்பித்துவிட்டது, தான் பயந்துவிட்டேன் என்று எத்தனையோ இடத்தில் அவரே எழுதுகிறார். பேய், மந்திரம் இவற்றில் வேறு அவருக்கு நம்பிக்கை! அதை மட்டும் நான் தள்ளிவிட்டுத்தான் படித்தேன்.

அவருடைய முதல் புத்தகம் 1950களின் நடுவில் லண்டனில் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு ஒற்றை யானையும் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு சிவனிபள்ளிக் கருஞ்சிறுத்தை உட்பட வரிசையாக எழுதினார். வயதாக ஆக, துப்பாக்கி இல்லாமலே காட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாராம். மிருகங்களைக் கொல்லாமல் காப்பாற்றணும் என்று அந்தக் காலத்திலேயே பேசியவர்களில் அவரும் ஒருவர். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கு முடிவு கட்டியது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம், 1974 ஆகஸ்ட் 30ஆம் தேதி, புற்றுநோயால் பெங்களூரில் இறந்தார். வயது 64. கடைசிப் புத்தகம் 1976இல்தான் வெளிவந்தது, அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. மகன் டொனால்டும் வேட்டைக்காரர்தான், 2014இல் காலமானார்.

துப்பாக்கி போனாலும் காயம் போகவில்லை. நம்ம பக்கத்தில் புலி கிடையாது, மல்லாட்டைக் கொல்லையைக் கிளறும் காட்டுப்பன்றிதான். பன்றிக்கு என்று கரண்டு கம்பி கட்டுகிறவர்கள் தமிழ்நாட்டில் பல இடத்தில் இருக்கிறார்கள். ஆண்டர்சன் சுற்றிய அதே தர்மபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி பக்கம் 2023 மார்ச்சில் அந்த மாதிரிக் கம்பியில் மாட்டி மூன்று பெண் யானைகள் செத்துப்போயின. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பித்து, செத்த யானைகள் பக்கத்திலேயே நின்றன.

அஞ்செட்டி, ஜவளகிரிக் காடெல்லாம் 2014இலிருந்து காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம். 2022இல் காவேரி தெற்கு சரணாலயமும் வந்தது. பைரா குடியிருந்த சின்னாறு ஒகேனக்கல்லில் வந்து காவிரியில் கலக்கிறது. பார்க்கணும் என்று ஆசை இருப்பவர்கள் நம்ம ஜங்ஷனில் சேலம் வண்டி ஏறி, அங்கேயிருந்து தர்மபுரி, பென்னாகரம் வழியாக பஸ்ஸில் போகலாம்.